வெர்லின் ஷ்ராக் வாங்கச் சொன்ன ஜெட்

எங்கள் ஊர் நியூட்டனில் பாதிப் பேர் விமானம் செய்கிற வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் எப்போதோ அந்த வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். தெற்கே கொஞ்ச நேரம் காரில் போனால் விச்சிட்டா. அங்கே தொழிற்சாலைகளில் ஆர்டர் குறைந்தால் இங்கே சலூனில் கூட்டம் குறையும். என் பக்கத்து வீட்டு வெர்லின் ஷ்ராக்கின் அப்பா வாழ்நாள் முழுக்க ஜெட் விமான இறக்கைகளில் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி அடித்தவர். வேலையை விட்டு அனுப்புவதும் திரும்பக் கூப்பிடுவதுமாகவே அவர் காலம் போனது. கடைசியில் காது கேட்காமல் போய்ச் சேர்ந்தார். தான் செய்த எதிலும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. மகன் விமானம் ஓட்டுகிறவனாக ஆனான். ஆனால் அவன் ஓட்டியது ஜெட் இல்லை.

பென்னர் கம்பெனியின் பழைய புரொபெல்லர் விமானத்தைத்தான் வெர்லின் ஓட்டினான். தானியம் கொட்டி வைக்கிற பெரிய தகரக் குதிர்களைச் செய்து கனடா வரைக்கும் விற்கிற கம்பெனி அது. முதலாளி எல்ஃப்ரீடா பென்னர், ஊருக்கு ஃப்ரீடா. கணவர் இறந்த பிறகு கம்பெனியை இரண்டு மடங்காக்கியவர். ஆனால் வெளியே பார்த்தால் அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே பழைய கார். நாங்களெல்லாம், பகட்டில்லாமல் எளிமையாக வாழச் சொல்கிற ஒரே மெனோனைட் சர்ச். எங்கள் சர்ச்சில் புதுக் கார் வாங்கினவர்கள் கொஞ்ச நாளைக்கு அதைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஜெட் வாங்கச் சொல்லி ஃப்ரீடாவிடம் வெர்லின் வருஷம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஃப்ரீடா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"நாம விக்கிறது குதிரு, வெர்லின். குதிரு விக்கிறவ ஜெட்ல வந்து எறங்கினா, இவ விலைய கூட்டி வச்சிருக்கான்னுதான் விவசாயி நெனப்பான்."

வெர்லின் சிரித்துக்கொண்டே வந்துவிடுவான். அடுத்த வருஷம் மறுபடி கேட்பான். பெருமைக்காகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வான். பழைய விமானம் மேகத்துக்குள்ளேயே போக வேண்டியது, ஜெட் என்றால் மேகத்துக்கு மேலே போய்விடும், அங்கே பனியும் இல்லை புயலும் இல்லை என்பான். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வருஷம் பிப்ரவரியில் கனடாவில் குதிர்களை நிறுவிவிட்டுத் திரும்பி வரும்போது, டகோட்டாவுக்கு மேலே விமானத்தின் இறக்கையில் பனி ஏறிவிட்டது. பின்னால் ஃப்ரீடாவும் கம்பெனி வெல்டர்கள் இரண்டு பேரும். விமானம் நடுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல் மாதிரி விழுந்திருக்கிறது. வெர்லின் எப்படியோ அதைப் பிடித்து நிறுத்தி, வழியில் பியர் என்ற ஊரின் விமான நிலையத்தில் இறக்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் கடவுளுக்கு நன்றி சொல்லி, கூடவே வெர்லின் பெயரையும் சொன்னார். எங்கள் சர்ச்சில் அது வழக்கமில்லை. பிரார்த்தனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஃப்ரீடா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு வாங்கு. ரொம்பப் பெருசு வேணாம், வெளையாட்டுச் சாமான் மாதிரியும் வேணாம்" என்றார்.

நடுத்தர ஜெட் என்பது அதுதான். எட்டுப் பேர் உட்காரலாம். நியூட்டனிலிருந்து கனடாவின் எந்தக் கோதுமை ஊருக்கும் நடுவில் எரிபொருள் போடாமல் போகலாம். ஓட்டுவதற்கு இரண்டு பைலட் வேண்டும்.

விச்சிட்டாவில் டேரல் விக்கம் என்று ஒரு தரகர். பழைய ஜெட்டுகளை வாங்கி விற்றுக் கொடுப்பவர். வாய் ஓயாதவர், ஆனால் நாணயமானவர். அவரோடு வெர்லின் அந்த வசந்தகாலம் முழுக்கச் சுற்றினான். ஒரு சூதாட்ட விடுதிக்காரரின் ஜெட்டைப் பார்த்தார்கள்; வால் முழுக்கச் சீட்டுக்கட்டுப் படம். "இதுல ஃப்ரீடாவ ஏத்தினா சர்ச்ல என்னைக் கல்லால அடிப்பாங்க" என்று வெர்லின் சொன்னானாம். இன்னொன்றில் நாய் வாடை. இன்னொன்று அழகாக இருந்தது, ஆனால் பார்த்த அன்றைக்கே யாரோ வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வந்து வேலியோரம் நின்று எனக்குக் கதை சொல்வான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

கோடையில்தான் அது தொடங்கியது. அல்லது, அப்போதுதான் யாரோ பார்த்தார்கள்.

பார்த்தவள் அவன் மனைவி லவோன். சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த பியராக் பன்னைப் பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே உறைந்துவிட்டான். கண் திறந்திருக்கிறது. வாய் எதையோ மெல்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினான். அவள் கேட்டதற்கு, ஏதோ யோசனையில் இருந்தேன் என்றான். பிறகு ஒரு நாள் விச்சிட்டாவுக்குப் போகும்போது, திரும்ப வேண்டிய இடம் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டதை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உணர்ந்திருக்கிறான். நடுவில் வந்த வழி எதுவும் ஞாபகம் இல்லை. அதை லவோனிடம் அவனே சொன்னான். சொல்லிவிட்டு, இதை நீ எங்கேயும் சொல்லக்கூடாது என்றான்.

டாக்டரிடம் போகலாம் என்று லவோன் கெஞ்சினாள். பைலட்டுகள் டாக்டரிடம் போகமாட்டார்கள். தலைவலி என்றுகூடச் சொல்லமாட்டார்கள். நினைவு தப்பியது என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே உரிமம் போய்விடும். திரும்ப வருமா என்பது யாருக்கும் தெரியாது. வெர்லினுக்கு வேறு தொழில் தெரியாது. அறுபதை நெருங்குகிறான். ஜெட் வரட்டும், ஒரு வருஷம் ஓட்டிவிட்டு நானே போய்க் காட்டுகிறேன் என்றான். அவள் சரி என்றாள். அதிலிருந்து கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் காரை லவோன்தான் ஓட்டினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், அவருக்கு ரோட்டில் போகிறவர்களைத் திட்டுகிற பழக்கம் வந்துவிட்டது என்று சிரித்தாள்.

ஆனால் பென்னர் விமானத்தை அவன்தான் ஓட்டினான், தனியாக. ஒவ்வொரு தடவை அவன் கிளம்பும்போதும் லவோன் எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். இறங்கிவிட்டேன் என்று அவன் போன் செய்கிற வரைக்கும் போகமாட்டாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இலையுதிர்காலத்தில் டேரல் ஒரு ஜெட்டைப் பிடித்தார். நெப்ராஸ்காவில் வயதான ஒரு முதலாளியின் விமானம். வெள்ளை உடம்பு, ஒரு மெல்லிய நீலக் கோடு, அவ்வளவுதான் அலங்காரம். ஃப்ரீடாவே படத்தைப் பார்த்துவிட்டு, "இது பரவாயில்ல, அடக்கமா இருக்கு" என்றார். முன்பணம் கட்டினார்கள். விச்சிட்டாவில் ஒரு பட்டறையில் விட்டு, தரையைப் பெயர்த்து, இருக்கைகளைக் கழற்றி, இன்ஜினுக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார்கள். வாலில் கொஞ்சம் உலோக அரிப்பு, ஒரு எண்ணெய்க் கசிவு. விற்பவரே செலவு செய்து சரிசெய்து கொடுத்தார். வெர்லின் அதற்குள் அந்த ரக ஜெட் ஓட்டுவதற்கான பயிற்சியையும் முடித்துவிட்டான். பயிற்சியில் ஒன்றும் ஆகவில்லை. போய்விட்டது, தானாகச் சரியாகிவிட்டது என்று லவோனிடம் சொன்னான். அவளும் நம்ப விரும்பினாள்.

டிசம்பரில் ஒரு தெளிவான காலை, வாங்குவதற்கு முன்னால் கடைசியாக ஓட்டிப் பார்க்கிற நாள். விற்பவரின் பைலட் நோரா ஸ்டிக்னி வலது பக்கம், பொறுப்பு அவளுடையது. வெர்லின் இடது பக்கம், கேப்டன் இருக்கையில். பின்னால் டேரலும் ஃப்ரீடாவும். கம்பளம் அழுக்காகும் என்று ஃப்ரீடா ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். கொடுத்த தின்பண்டத்தைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டாராம்.

விமானம் மேகத்தைத் தாண்டி மேலே போய், நாற்பதாயிரம் அடியில் சமமாக நின்றது. அவ்வளவு உயரத்தில் வானம் கறுநீலமாக இருந்தது, சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, என் அப்பாவை நினைத்தேன் என்று வெர்லின் பிறகு எனக்குச் சொன்னான். அடுத்து அவனுக்கு ஞாபகம் இருப்பது, நோரா ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

விமானத்தின் திசையை மாற்றச் சொன்னார்கள் என்றாள். திரும்பி வரும்போது அவளே இறக்கினாள்.

ஃப்ரீடாவும் டேரலும் பட்டறை அலுவலகத்துக்குக் காப்பி குடிக்கப் போனதும், நோரா அவனை விமானம் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்ட வேணாம், வெர்லின். கீழேருந்து கன்ட்ரோலர் ரேடியோவுல ரெண்டு தடவ கூப்பிட்டான். நீ மென்னுக்கிட்டு இருந்த. வாயில ஒண்ணுமே இல்ல."

தூக்கமில்லை, அதனால்தான் என்றான். தூங்குகிறவனுக்குக் கண் மூடியிருக்கும் என்றாள். பிறகு அவன் மறைக்கவில்லை. கெஞ்சினான். இது இரண்டு பேர் ஓட்டுகிற விமானம், பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், ஒரே ஒரு வருஷம் என்றான்.

"பக்கத்துல உக்காரப் போறவன்கிட்ட இத நீ சொல்லுவியா?"

அவன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"அந்தம்மா கையெழுத்துப் போடுறதுக்குள்ள நீ சொல்லணும். நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா எங்க முதலாளிக்கு இந்த விமானம் விக்காது. அவரு என்னைச் சும்மா விடமாட்டாரு. அதையும் யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம் விற்பனையை முடிப்பதாக இருந்தது. அந்த வாரத்தில் வெர்லின் செய்ததை நான் இன்றைக்கும் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் கெட்டவன் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பான். அது காப்பாற்ற வந்தவன் கழுத்தாக இருந்தாலும் பிடிப்பான்.

அவன் ஃப்ரீடாவின் அலுவலகத்துக்குப் போய், ஜெட் வேண்டாம் என்று சொன்னான்.

அவன் கணக்கு இதுதான். ஜெட் வராவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் நோரா பேசுவதற்கு அவசியமில்லை. பழைய விமானத்தில் அவன் தனியாகத்தான் உட்காருவான். பக்கத்திலிருந்து பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

வாலில் பார்த்த அரிப்பு உள்ளே இன்னும் இருக்கும் என்று தோன்றுகிறது, பட்டறைக்காரர்கள் பூசி மெழுகிவிட்டார்கள் என்றான். இத்தனை வருஷம் தான் ஆசைப்பட்டதை, தன் வாயாலேயே குறை சொன்னான். ஃப்ரீடா கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. நீ வேணாம்னா வேணாம். எனக்கு விமானத்தப் பத்தி என்ன தெரியும், உன்னைத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில கனடா போகணும், பழசத் தயார் பண்ணு."

டேரலுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். டேரல் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டதாம். "ஃப்ரீடா, டிசம்பர்ல நல்ல ஜெட் கெடைக்கிறதும், கிறிஸ்மஸுக்கு மொத நாள் வான்கோழி கெடைக்கிறதும் ஒண்ணு. நீங்க கைய எடுத்தா பின்னால நிக்கிறவன் தூக்கிட்டுப் போயிருவான்." வெள்ளிக்கிழமை மதியம் வரைக்குமாவது முடிவைத் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சி, கடைசியில் ஒப்புக்கொள்ள வைத்தார்.

வெர்லின் வீட்டுக்கு வந்து நடந்ததை லவோனிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைக் கீழே வைத்தாள்.

"ஜெட்டு ஓட்டணும்கிறது உன் உசிரு, அதனாலதான் இத்தனை நாள் நான் வாய மூடிட்டு இருந்தேன். இப்ப அதையே வேணாம்னு சொல்லிட்டு வந்து நிக்கிற. அப்ப நான் எதுக்கு வாய மூடிட்டு இருந்தேன்?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. நோரா போன் செய்துகொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல குளிர். லவோன் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நான் இப்ப ஃப்ரீடாவுக்குப் போன் பண்ணா அவன் என்னை மன்னிக்கவே மாட்டான்" என்றாள். "பண்ணலன்னா?" என்று நான் கேட்டேன். அவள் போனைக் கையில் எடுத்தாள். ஃப்ரீடா எடுக்கவில்லை.

விமான நிலையத்தில் அப்போது வெல்டர்கள் இரண்டு பேரும் கருவிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பனியில் அன்றைக்குக் கூட வந்த அதே இரண்டு பேர். வழியெல்லாம் காற்றாம் என்று ஒருவன் சொல்ல, மற்றவன், "வெர்லின் ஓட்டுறான்னா நான் ஏறினதும் தூங்கிருவேன், நீ வேணா ஜெபம் பண்ணு" என்றானாம். வெர்லின் உள்ளே கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து, விளக்குகளைப் போட்டுவிட்டான். அந்தப் பேச்சைக் கேட்டான். கை சுவிட்சின் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. அது யோசனையா, அல்லது மறுபடி நினைவு போனதா என்றும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவனை எழுப்பியது.

விளக்குகளை அணைத்தான். படியில் இறங்கினான். கீழே ஃப்ரீடா காப்பி பிளாஸ்க்கோடு ஏறுவதற்குக் காலை வைத்திருந்தார்.

"ஃப்ரீடா, ஏறாதீங்க."

"ஏன், டயர்ல காத்து இல்லையா?"

"என் தலையில ஏதோ கோளாறு. அப்பப்ப நெனவு போயிருது. கோடையில இருந்தே. அந்த ஜெட்டுல ஒரு குறையும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

வெல்டர்கள் கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ஃப்ரீடா படியிலிருந்து காலை எடுத்தார். அவர் குரல் உயரவே இல்லை என்று அந்த இருவரில் ஒருவன் பிறகு சொன்னான்.

"டகோட்டாவுக்கு மேல அன்னிக்கு விழுந்தோமே. அது பனியா, நீயா?"

வெர்லின் திரும்பி இறக்கையைப் பார்த்தான்.

"பனி இருந்துச்சு. அது ஏறுறத நான் ஏன் முன்னாடியே பாக்கலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

ஃப்ரீடா பிளாஸ்க்கைப் படியில் வைத்துவிட்டு, கொட்டகைக்குள் இருக்கிற சின்ன அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெல்டர்கள் ஏற்றின பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வெர்லின் உதவப் போனான். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் தொட்ட பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

மத்தியானத்துக்குள் நோரா விச்சிட்டாவிலிருந்து காரில் வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அவனைப் பார்த்ததும், "சொல்லிட்டியா?" என்றாள். தலையசைத்தான். அவள் காரில் சாய்ந்துகொண்டு மூச்சு விட்டாள். பிறகு ஃப்ரீடா அவளை உள்ளே கூப்பிட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள்.

விமான விற்பனை போனில்தான் முடியும். ஓக்லஹோமா சிட்டியில் இரண்டு தரப்புக்கும் நடுவில் பணத்தையும் பத்திரத்தையும் பிடித்து வைத்திருக்கிற ஒரு பெண், விற்பவர், தரகர், வாங்குபவர், எல்லோரும் ஒரே இணைப்பில். ஃப்ரீடா வெர்லினையும் உள்ளே கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். விற்பவர் பத்திரத்தை விடுவிக்கச் சம்மதித்தார். பணத்தை விடலாமா என்று ஓக்லஹோமாப் பெண் கேட்டாள். இணைப்பில் டேரல் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஃப்ரீடா மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"இந்தத் தடவ நெசத்தச் சொல்லு, வெர்லின். அது நல்ல விமானமா?"

"நான் பாத்ததுலயே நல்ல விமானம்."

"பணத்த விடும்மா" என்றார் ஃப்ரீடா போனில். வைத்துவிட்டு, "பழசோட சாவிய மேசை மேல வச்சிட்டுப் போ" என்றார்.

அவன் வைத்தான். நோரா அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். என் வீட்டிலிருந்த லவோன் வேலியைச் சுற்றிப் போகாமல் தாண்டிக் குதித்து ஓடினாள், அந்த வயதில்.

ஸ்கேன் எடுத்ததில், வெர்லினுக்குக் காதுக்கு மேலே, மூளையை ஒட்டி ஒரு கட்டி. மெதுவாக வளர்கிற ரகம், உயிருக்கு ஆபத்து இல்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்று வெர்லின் கேட்டான். சில வருஷங்கள் இருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். எதற்காகக் கேட்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

ஃப்ரீடா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆனால் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து அவன் பெயரை எடுக்கவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வார்த்தைகள் தடுமாறாமல் வருகிற வரைக்கும் அப்படியே இருந்தது. விமானம் ஓட்டுகிற உரிமம் போனது போனதுதான்.

புது ஜெட்டுக்கு ஃப்ரீடா நோராவையே கேப்டனாக வைத்துக்கொண்டார். ஊர் உடனே ஒரு கதை கட்டியது. நெப்ராஸ்காக்காரி வந்து, வெர்லினைப் பற்றி வத்தி வைத்து, அவன் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள் என்று. காப்பிக் கடையில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். வெர்லின் அங்கேயே உட்கார்ந்திருப்பான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் அப்படித்தான் இருந்தான். ஜெட் கிளம்புகிற சத்தம் கேட்டால் கொல்லைப்புறத்துக்கு வருவான். அது கண்ணிலிருந்து மறைந்த பிறகும், கோட்டு இல்லாமல் பனியில் நிற்பான். நான் கூப்பிட்டால் திரும்பமாட்டான்.

ஒரு நாள் லவோன் வேலியோரம் வந்து, வெர்லினின் வேட்டைத் துப்பாக்கிகளை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சீசன் முடிந்துவிட்டது, அலமாரியில் இடத்தை அடைக்கிறது என்றாள். நான் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துப் பூட்டினேன். அவற்றை வாங்கும்போது அவள் கை என் கையை விடவில்லை.

வசந்தம் வந்தபோது காப்பிக் கடையில் யாரோ வழக்கம்போல நோராவைப் பற்றி ஆரம்பித்தார்கள். வெர்லின் தலையை நிமிர்த்தாமல், "அவ ஒண்ணும் புடுங்கல" என்றான். "நான் உங்கள்ல ஒருத்தரக் கொன்னுருப்பேன். அவதான் தடுத்தா." அன்றைக்கு லவோன் காரோடு வரக் காத்திருக்காமல் அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

அதற்கு ரொம்ப நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஃப்ரீடா அவன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செவ்வாக்கிழமை கால்கரி போறோம், பின்னால ஒரு சீட்டு காலியா இருக்கு" என்றார். அவன் வேண்டாம் என்றான். அடுத்த மாதமும் கேட்டார். வேண்டாம் என்றான். மறுபடி கேட்டபோது லவோன் அவனுக்கு முன்னால் சரி என்று சொல்லிவிட்டாள்.

போய்விட்டு வந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் வேலிப் பக்கம் வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பின்னால உக்காந்தா ஒண்ணுமே தெரியல. கதவச் சாத்திட்டா முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது. ஃப்ரீடாவெல்லாம் இத்தன வருஷம் அப்படித்தான உக்காந்திருந்தாங்க, என்னை நம்பி."

ஃப்ரீடா அதற்குப் பிறகும் கூப்பிடுகிறார். சில தடவை போகிறான், சில தடவை போவதில்லை. போகிற நாட்களில் லவோன் இப்போது என் சமையலறைக்கு வந்து உட்காருவதில்லை.